கிழிக்கத் தகுந்த ஓர் அழகைத் தேடி: ஷார்ஜா, தேரா கடைத்தெருக்களில்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது, வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் பை நகரும் பட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எவிடுன்னா வருன்னே?”

“சிவகாசி.”

அந்த ஒரு சொல் போதும். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் வந்துவிட்டார். “சிவகாசியோ? பேகில் படக்கமுண்டோ?” பட்டாசைத்தான் கேட்கிறார்.

திரையில் மெலிதான கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. தினசரி கேலண்டரின் உச்சியில் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகரப் பட்டிகள் அவை. சொன்னால் யார் நம்புவார்கள்? பையைப் பிரித்து, ஒவ்வொரு கேலண்டராக எடுத்து மேசையில் பரப்பினேன். முருகன், மாதா, மசூதி, மயில், பிஸ்கட் தின்னும் குழந்தை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் கடுப்பை மறந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் குருவாயூரப்பன் படம் போட்டதைக் கையில் எடுத்த பெரிய காவலர், “இது ஞான் எடுத்தோட்டே?” என்று கேட்டார். தாராளமாக! என் முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படித்தான் இலவச விநியோகத்தோடு ஆரம்பித்தது. 2003 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

கேலண்டர் மூட்டையோடு நான் ஏன் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் நான் டிசைனர். என் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை, பைண்டிங் பிரிவில் தாள் அடுக்குகிறாள். எங்கள் தொழிலுக்கு ஆடி பதினெட்டில் சீசன் பிறக்கும், டிசம்பரோடு முடியும். பொங்கல் கழிந்தால் மிஷின்களுக்குத் துணி போர்த்திவிடுவார்கள். பைண்டிங் பெண்களுக்குத் தை, மாசி இரண்டு மாதமும் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. இந்த நேரத்தில்தான் துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டுக்குத் தினசரி கேலண்டர் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். அதன் முதல் மாதமான முஹர்ரம் அந்த வருடம் மாசியில் பிறந்தது. எங்கள் சீசன் முடிகிற இடத்தில் அவர்கள் வருடம் தொடங்குகிறது! தையில் மிஷின் ஓடும், மாசி பிறக்குமுன் கப்பலில் லோடு ஏறிவிடும்.

ஷார்ஜாவில் இருக்கும் என் அக்காவைப் பார்க்க ஒரு வாரம் லீவு கேட்டுப் போனேன். முதலாளி அண்ணாச்சி லீவையும் கொடுத்து வேலையையும் கொடுத்தார். “அக்காளப் பாத்துட்டு அப்படியே தேராவுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு கனி. ஆர்டர் வந்தா உங்க அம்மா, அவ கூட்டாளிக எல்லாத்துக்கும் தை மாசம் பூரா வேல. வரலன்னா பாதகமில்ல, நல்லாச் சாப்பிட்டு வா.” பாதகமில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே பாதகம் என்று தெரிந்தது.

ஒரு மாதம் உட்கார்ந்து நான் ஒரு டம்மி, அதாவது மாதிரிக் கேலண்டர், செய்திருந்தேன். இறைவனின் அழகிய திருநாமங்களை ஒரு நண்பனின் அப்பாவிடம் அரபியில் எழுதி வாங்கி, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு நாமம் பொன் நிறத்தில் பெரிதாக வருகிற மாதிரி. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

நாலு மணி நேரப் பறப்பு. ஷார்ஜாவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. டிசம்பரில் பாலைவனம் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ராஜி அக்காவும் அத்தானும் வாசலில் நின்றார்கள். அத்தானுக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கர் வேலை.

“ஏட்டி, என்ன இப்படிக் கருத்துப் போய்ட்ட?” இது அக்காவின் வரவேற்பு.

“நீ வெளுத்துப் போய்ட்ட. ஏசியிலேயே கெடக்கியோ?”

“வேற என்ன சோலி இருக்கு எனக்கு?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கவனித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுவதில் அக்காவின் கை அவ்வளவு வேகம். இங்கே வந்து நான்கு வருடமாக நாலாவது மாடி.

திங்கட்கிழமை ரோலா பக்கம் சுற்றினேன். ஷார்ஜாவில் தமிழும் மலையாளமும் கேட்கவேண்டுமென்றால் ரோலாவுக்குப் போனால் போதும். டீ அரைத் திர்ஹம், ஷவர்மா மூன்று திர்ஹம். ஒரு திர்ஹம் அப்போது நம் பணத்தில் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். முதல் நாள் ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் பெருக்கிப் பெருக்கி ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். மறுநாள் பெருக்குவதை நிறுத்திவிட்டேன், பசி நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை தேரா. ரோலாவிலிருந்து மினி பஸ்ஸில் ஐந்து திர்ஹம், ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். தூரம் என்னவோ நம்ம சிவகாசிக்கும் சாத்தூருக்கும் உள்ளதைவிடக் குறைவுதான். போக ஒரு மணி நேரம் ஆனது, அவ்வளவு கார்.

பஸ்ஸில் அத்தான் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். “கடைக்காரர எல்லாரும் ‘காக்கா’ன்னுதான் கூப்புடுவாக. நீயும் அப்படியே கூப்புடு.”

“காக்காவா? மூஞ்சிக்கு நேராவா?”

“ஏ, காயல்பட்டினத்துல அண்ணன அப்படித்தாம்மா சொல்லுவாக.”

தெரிந்த பிறகும் வாய் வரவேண்டுமே! கடைக்குள் நுழைந்ததும் “வணக்கம்… வந்து… கா…” என்று இழுத்தேன். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கைலி, தொப்பி. என் தவிப்பைப் பார்த்துவிட்டு அவரே, “கத்திருங்கோ தங்கச்சி, பறந்துற மாட்டேன்” என்றார்.

கடை முழுக்க அத்தர், ஊதுவத்தி, சாம்பிராணி மணம். மொத்த வியாபாரம். வருடம் பிறந்தால் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கேலண்டர். பால் சேர்க்காத சுலைமானி டீ வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சாத்தூர் காராச்சேவைக் கொடுத்தேன், அங்கேயே பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் டம்மியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

முதல் தாள். இரண்டாம் தாள். மெதுவாகப் புரட்டினார். ஒவ்வொரு நாமத்தையும் உதடு அசைய வாசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். ஆர்டர் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன், மனசுக்குள் அம்மாவுக்குப் போன் போட்டே விட்டேன்.

“ரொம்ப அழகா ஈக்குது. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீங்கோ. இது தினசரி கேலண்டர்தானே?”

“ஆமா காக்கா.” சந்தோஷத்தில் அந்தச் சொல்லும் வந்துவிட்டது.

“அப்ப தினசரி ஒரு தாளக் கிழிக்கணும்.”

“ஆமா.”

“கிழிச்சு எங்க போடுவிய?”

வாயைத் திறந்தேன். ‘குப்பையில’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

கேலண்டர் ஊரில் பிறந்து கேலண்டர் ஊரில் வளர்ந்தவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். எங்களுக்குத் தாள் என்றாலே கிழிப்பதற்கு. சாமியை எங்கள் கேலண்டரிலும் அட்டையில்தான் ஒட்டுகிறோம், கிழிக்கிற தாளில் ராகு காலமும் எமகண்டமும்தான் இருக்கும். ஏன் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அரபி எழுத்தின் அழகு கண்ணை மறைத்துவிட்டது. அது எனக்குப் படம், அவருக்குப் பெயர்.

காக்கா கோபிக்கவே இல்லை. டம்மியை மூடி, இரண்டு கையாலும் எடுத்து, மேல் தட்டில் இருந்த துணி உறை போட்ட புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “இத நான் வாடிக்கைக்குக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தனும் கிழிக்க மாட்டான். வருசம் பூரா முஹர்ரம் ஒண்ணாந்தேதியே தொங்கும்.”

அத்தான் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

“வேற ஒண்ணு செஞ்சிட்டு வாறேன் காக்கா.”

“வியாழக்கிழமை உங்க ஊர்லேந்தே இன்னொரு கம்பெனி ஏஜெண்டு சாம்பிளோட வாறாரு. அன்னைக்கு மதியம் லுஹர் தொழுகைக்குப் பொறவு முடிவு சொல்லுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்குள்ள வந்தா பாக்குறேன். இது அரபு நாட்டுக் கேலண்டர் தங்கச்சி, இந்த ஊரு அதுல தெரியணும். ஆனா கிழிக்கத் தோணணும்.”

கடையை விட்டு இறங்கியபோது என் கையில் ஒன்றுமில்லை, இரண்டு நாள்தான் இருந்தது. அத்தான் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் திரும்பவில்லை. ஓர் அரபு ஊரில் கிழித்து எறியத் தகுந்த அழகு என்ன இருக்கிறது? கேள்வியைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குள் புகுந்தேன்.

தேராவின் மசாலாத் தெருவில் நடப்பது ஒரு பெரிய அஞ்சறைப் பெட்டிக்குள் நடப்பது மாதிரி. மூட்டை மூட்டையாகக் குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, பட்டை. அதை ஒட்டித் தங்கத் தெரு. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியதை நகை என்று சொல்ல முடியாது, கவசம். ஓர் ஈரானியக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, பக்கூர் என்கிற வாசனைக் கட்டைகள் அடைத்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். தங்க நிறம், கொடி கொடியாக வேலைப்பாடு. “அரபு! ஒரிஜினல் அரபு!” பெட்டி பிடித்துப்போனது. தொழில் பழக்கம், அடியில் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர். அச்சிட்ட இடம் சிவகாசி!

தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. “நல்ல விலை தருகிறேன்” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். அடுத்த கடையில் அரபிக் காபி ஊற்றுகிற மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா. அதன் அடியில் மொராதாபாத், நம் வடக்கத்திப் பித்தளை ஊர். ஓர் ஊர் தன்னை அலங்கரித்துக்கொள்ள உலகத்தையே வேலை வாங்குகிறது என்று தோன்றியது. தப்பில்லைதான், ஆனால் எனக்கு இந்த ஊர்க் கை வேண்டும்.

துறைக்கு நடந்தேன். ஆப்ரா என்கிற மரப்படகில் கால்வாயைத் தாண்ட ஐம்பது ஃபில்ஸ், அரைத் திர்ஹம். துபாயில் நான் செலவழித்த மிக மலிவான காசும் மிக நல்ல காசும் அதுதான். கைப்பிடி கிடையாது, நடுவில் ஒரு பலகை. முதுகோடு முதுகு உட்கார்ந்து ஒரு பக்கம் தேரா, மறுபக்கம் பர் துபாய் என்று பார்த்துக்கொண்டே போகலாம். மறுகரையில் பஸ்தகியா என்ற பழைய குடியிருப்பு. கடற்பாறையால் கட்டிய சுவர்கள், மேலே நாலு பக்கமும் திறந்த காற்றுக் கோபுரங்கள். மின்விசிறி வருவதற்கு முன் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்க வைத்த ஏற்பாடு. சித்திரை வெயிலில் எங்கள் அச்சகத்துத் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு அதன் அருமை புரியும். அப்படி ஒரு வீட்டை ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. முற்றத்தில் ஒரு மரம், அறைகளில் ஓவியங்கள். பெரும்பாலும் எழுத்து. அழகான எழுத்து. எனக்கு உதவாத எழுத்து.

கூடத்துக்கு எதிரே ஒரு கம்பளக் கடை. வாசலிலேயே கம்பளத்தை விரித்துப் போட்டிருந்தார்கள். மிதித்துவிடுவேனோ என்று ஓரமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு போனேன். ஆப்கானியக் கடைக்காரர் ஓடி வந்தார். “மிதியுங்கள் சகோதரி, மிதியுங்கள்! மிதிக்க மிதிக்கத்தான் கம்பளம் பளபளக்கும்.”

“இவ்வளவு அழகாக இருக்கிறதே?”

“அழகுதான். எழுத்து இல்லையே! எழுத்து உள்ள கம்பளம் அதோ, சுவரில். இது காலுக்கு.”

அவர் கம்பளம் விற்கச் சொன்னார். எனக்கு மின்சாரம் பாய்ந்தது. மிதிக்கலாம் என்றால் கிழிக்கலாம்! எழுத்தே இல்லாத அழகு இந்த ஊரில் தரையெல்லாம் கிடக்கிறது. பாய், கம்பளம், ஒட்டகச் சேணம், கதவு, கூடை. ஹிஜ்ரி வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். மாதத்துக்கு ஒரு பின்னல் வேலையோ நெசவு வேலையோ மர வேலையோ எடுத்து, தாள் நிறைய அந்த வடிவத்தைப் போட்டு, நடுவில் தேதி எண். திருநாமம் அட்டையில் மட்டும். அட்டையை யார் கிழிப்பார்கள்? கம்பளம் வாங்கவில்லை, ஆனால் அவருக்கு மூன்று முறை நன்றி சொன்னேன். திகைத்துப்போய் அவரும் மூன்று முறை சொன்னார். அங்கேயே ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கம்பளம், ஒரு சேணப்பை, எதிர்வீட்டுக் கதவு ஆகியவற்றை வரைந்துகொண்டேன். நான்கு மாதம் முடிந்தது.

புதன்கிழமை. ஷார்ஜாவின் பழைய கோட்டைப் பகுதி அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான்கு வருடத்தில் அக்கா அங்கே ஒருமுறைகூடப் போனதில்லையாம். “அங்கன என்ன இருக்கு, இடிஞ்ச சுவரு” என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். அரபி பேச அத்தானும் மதியத்திலிருந்து லீவு போட்டு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

சூக் அல் அர்ஸா என்ற பழைய சந்தை. மேலே ஈச்ச ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் மரக்கதவுக் கடைகள். நடுவில் ஒரு காபிக்கடை, கறுப்பு டீ ஒரு திர்ஹம். வெள்ளிக் கொலுசு, துருப்பிடித்த பூட்டு, முத்துக் குளிப்பவர்கள் மூக்கில் மாட்டும் கிடுக்கி, பெதுயின் என்கிற பாலைவன நாடோடிகளின் தலையணை. காலையிலேயே ஐந்து வடிவம் கிடைத்துவிட்டது. ஒன்பது!

மதியத்துக்கு மேல் பாரம்பரியக் கைவேலை செய்யும் கூடத்துக்குப் போனோம். வாசலில் காவலர் அத்தானை மட்டும் கை நீட்டி நிறுத்தினார். புதன் பிற்பகல் பெண்களுக்கு மட்டும்.

“அரபி தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தானே!” என்றார் அத்தான்.

“சும்மா டீக்கடையில போயி இருங்க. நாங்க சமாளிச்சுக்கிடுதோம்” என்றாள் அக்கா. சொன்னபோது அவள் முகத்தில் ஒரு துணிச்சல், ஊரில் பார்த்தது.

உள்ளே பாயில் ஐந்தாறு அரபுப் பெண்கள். முகத்தில் பித்தளை போல மின்னும் முகமூடி, கையில் மருதாணி. ஒருவர் முன்னால் கால் வைத்த ஒரு சின்ன உலோகத் தாங்கி, அதன்மேல் உருளைத் தலையணை, அதில் குத்தி நிறுத்திய நூல்கள். வெள்ளிச் சரிகையை நூல்களுக்கிடையில் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பட்டை நாடா பின்னிக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்திலும் கை ஓரத்திலும் தைப்பதற்காம். நான் கேமராவை எடுத்தேன், வேண்டாம் என்று கை அசைத்தார். பென்சிலைக் காட்டினேன், தலையசைத்தார். அக்கா குனிந்து நாடாவைப் பார்த்து, இது என்ன என்று விரலால் கேட்டாள்.

“தல்லி” என்றார் அந்த அம்மா.

அக்கா சட்டென்று ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

அந்த அம்மா குழம்பி, நாடாவைத் தூக்கிக் காட்டி, இன்னும் அழுத்திச் சொன்னார். “தல்லி! தல்லி!”

அக்கா இன்னும் தள்ளினாள், முதுகு சுவரில் முட்டியது. “இன்னும் எம்புட்டுத்தான் தள்ளச் சொல்லுதாக இந்தம்மா?”

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்த வேலைக்குப் பெயரே தல்லியாம். விளக்கிச் சொல்ல மொழியில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அக்கா சிரிக்க, அக்காவைப் பார்த்து அவர்கள் எல்லாரும் சிரிக்க, அதன் பிறகு மொழி தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் பெயர் உம்மு காலித். தல்லியை வரைந்தேன். பக்கத்தில் இன்னொருவர் சாயம் ஏற்றிய ஈச்ச ஓலைக் கீற்றுகளைப் பின்னி நீளமான பட்டை செய்துகொண்டிருந்தார், அதைச் சுற்றித் தைத்தால் கூடை, பாய். நம் பனையோலைக் கொட்டானின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அதையும் வரைந்தேன். பதினொன்று.

பன்னிரண்டாவதைத் தேடி நிமிர்ந்தபோது அக்கா ஓலைக் கீற்றுகளைக் கையில் எடுத்திருந்தாள். யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். ஒரு கீற்றைப் பல்லில் கடித்து, மீதியை இடமும் வலமும் மடித்து, முறுக்கி, மடித்து… பட்டாசுச் சரம் பின்னுகிற பின்னல். திரிக்குப் பதில் ஓலை, வெடிக்குப் பதில் ஒரு சின்ன மடிப்பு. நான்கு வருடம் சும்மா இருந்த விரல் என்று சொல்ல முடியாது. ஒரு முழம் ஓடிவிட்டது. உம்மு காலித் தன் தல்லியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்தப் பட்டையை வாங்கி, திருப்பி, ஒரு மடிப்பைப் பிரித்துப் பார்த்து, மறுபடி போட முயன்றார், வரவில்லை. அக்காவின் கையில் ஒரு தட்டு தட்டி, “இன்னொரு தடவை செய்து காட்டு” என்பது போல ஏதோ சொன்னார்.

“மெதுவாப் பண்ணிக் காட்டச் சொல்லுதாக போல” என்று அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்! நான் அதையும் வரைந்துகொண்டேன். பன்னிரண்டு.

வெளியே வந்தபோது அத்தான் ஐந்தாவது டீயில் இருந்தார். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பேப்பரும் கத்தரியும். நான் வரைந்தவற்றுக்கு வண்ணம் போட்டுக் கொடுத்தேன், அத்தான் லீவு நாளிலும் தன் கம்பெனிக்குப் போய்க் கலர் நகல் எடுத்து வந்தார், அக்கா வெட்டினாள், நான் ஒட்டினேன். மாதத்துக்கு மூன்று தாள் வீதம் ஒரு டம்மி, தகரப் பட்டி நான் கொண்டுவந்த கேலண்டர் ஒன்றிலிருந்து கழற்றியது. அரபி எண்களை நாணல் பேனா மாதிரி பட்டையாக எழுத, கத்தரித்த ஐஸ்கிரீம் குச்சி.

வியாழக்கிழமை நானும் அத்தானும் தேராவுக்குப் போனபோது ஏஜெண்டு எங்களுக்கு முந்திவிட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர், நேரில் பார்த்தால் அண்ணாச்சி என்று கும்பிட வேண்டியவர். கும்பிட்டேன்.

“ஏ, திருத்தங்கல் புள்ளையா! கடல் தாண்டியுமா போட்டிக்கு வருவீக?” என்று சிரித்தார். அவர் சாம்பிள் பளபளவென்று இருந்தது. தாளுக்குத் தாள் மசூதிப் படம், லேமினேஷன் அட்டை. விலையும் குறைவுதான் சொல்லியிருப்பார்.

தொழுகை முடிந்து காக்கா வந்தார். ஏஜெண்டின் சாம்பிளை எடுத்து முதல் தாளில் கை வைத்தார். அதில் மக்காவின் பள்ளிவாசல். விரலை எடுத்துக்கொண்டார். பிறகு என் டம்மி. அட்டையில் மேலே ஒரு வரி அரபி, பொன் எழுத்தில். கீழே தாள் கட்டு. முஹர்ரம், தல்லி. ஸஃபர், ஈச்சம்பாய். அடுத்தது கம்பளம். புரட்டிக்கொண்டே போனவர் கடைசி மாதமான துல்ஹஜ்ஜில் நின்றார்.

“இது எந்த ஊர்ப் பின்னல்? இங்க நான் பாத்ததில்லயே.”

பொய் சொல்ல வரவில்லை. “சிவகாசி காக்கா. பட்டாசுச் சரம் பின்னுறது. எங்க அக்கா பின்னுனா. இந்த ஊர் ஓலையில.”

“வெடிக்காதுல்ல?”

“கிழிச்சாத்தான் தெரியும்” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவர் முஹர்ரம் முதல் தாளுக்குத் திரும்பினார். மூலையைப் பிடித்தார். சர்ரென்று ஒரே இழுப்பு. தகரப் பட்டியில் தாள் சுத்தமாக அறுந்து வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், கசக்கினார், மேசைக்குக் கீழே இருந்த கூடையில் போட்டார்.

அக்கா உட்கார்ந்து வெட்டி, நான் உட்கார்ந்து வரைந்து ஒட்டிய தாள், டீத்தூளுக்கும் சிகரெட் அட்டைக்கும் நடுவில் விழுந்தது. என் வேலை குப்பையில் விழுந்ததைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

“கை தயங்கல” என்றார் காக்கா. “ஆர்டர் போட்டுக்கிடலாம்.”

“கடைப் பேர ஒவ்வொரு தாளுலயும் போட்டுரவா காக்கா?” உற்சாகத்தில் கேட்டேன்.

“கடைக்கு என் பேரு. என் பேருக்குள்ள படச்சவன் பேரு ஈக்குதே தங்கச்சி! அட்டையில மட்டும் போடுங்கோ.”

ஏஜெண்டு அண்ணாச்சி தன் சாம்பிளைச் சுருட்டிக்கொண்டே, “சரிதான், பொம்பளப் புள்ள கைவேலையில ஜெயிச்சிருச்சு” என்றார். போகிறபோது காராச்சேவுப் பொட்டலத்தில் கை விட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனார். அது அவர் உரிமை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். ஷார்ஜா விமான நிலையத்துக்கு வருகிற வழியெல்லாம் அக்கா ஒரு நீலக் கீற்றை மடித்துக்கொண்டே வந்தாள். அடுத்த புதனும் வரச்சொல்லி உம்மு காலித் விரல் விட்டு நாள் எண்ணிக் காட்டினாராம். “வீட்டுல ஏசிய அணைச்சுட்டுப் போயிரணும், கரண்டு பில் மிச்சம்” என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஊரையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கிழித்த கேலண்டர் தாளில் பால் கணக்கு எழுதுவோம், திருநீறு மடிப்போம், சுருட்டிக் காது குடைவோம். ஒரு நாள் முடிந்தால் அந்த நாளின் தாளுக்கு இன்னொரு பிழைப்பு உண்டு. இங்கே தாளுக்கு அப்படி ஒரு பிழைப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் எதைக் கீழே போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் அவர்கள் கண் கூர்மை. ஓர் ஊரைப் புரிந்துகொள்ள அதன் அருங்காட்சியகத்தைப் பார்த்தால் பாதி, அது எதை மிதிக்கிறது என்று பார்த்தால் மீதி. நான் மீதியைத்தான் அதிகம் பார்த்தேன், குறையில்லை.

விமானத்துக்கு நேரம் இருந்தது. பொதுத் தொலைபேசியில் கார்டு போட்டு அச்சகத்துக்குப் போன் செய்தேன். முதலாளி அண்ணாச்சி சேதி கேட்டு ஒரு சத்தம் போட்டார், பேப்பர் லோடுக்குத் தேதியும் சொன்னார், பிறகு பைண்டிங் பக்கம் பார்த்து என் அம்மாவைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, சாப்பிட்டியா? அக்கா நல்லாருக்காளா? ஆர்டர் கெடச்சிருச்சாமே?” மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சு. நான் பதில் சொல்வதற்குள் நாலாவது வந்தது. “அது சரி, நம்பரெல்லாம் அரபியில இருக்குமாமே. எது முன்ன, எது பின்னன்னு நாங்க எப்படிப் பாத்து அடுக்க?”

இதை நான் யோசிக்கவே இல்லை! கார்டில் பணம் குறைந்துகொண்டிருந்தது. “அம்மா, கேளு. ஒண்ணு நம்ம ஒண்ணு மாதிரிதான். அஞ்சு முட்ட மாதிரி உருண்டையா இருக்கும். ஆறு நம்ம ஏழு மாதிரி இருக்கும், ஏமாந்துறாத. ஏழு புனல் மாதிரி. எட்டு அந்தப் புனலக் கவுத்த மாதிரி, குடிசைக் கூர.”

“அப்ப சைபரு?”

“வெறும் புள்ளி.”

அம்மா திரும்பி யாருக்கோ சொல்வது கேட்டது. “அஞ்சு முட்டையாம்ளா, ஏழு புனலாம், எட்டு கூரையாம், சைபரு கோலப்புள்ளியாம்.” பின்னால் பைண்டிங் பெண்களின் சிரிப்பு. ஒரு குரல், “அப்ப அம்பதுக்கு முட்டையும் புள்ளியுமா? நல்லாருக்கே!”

“சரி, படிச்சுக்கிடுதோம்” என்றாள் அம்மா. “பேப்பர் லோடு என்னைக்கு எறங்குது?”

“பொங்கலுக்கு மறுநா.”

“அப்ப அன்னைக்கே வந்துருதோம்” என்றாள். பிறகு அங்கே நின்றவர்களைப் பார்த்து, “ஏ, மாட்டுப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்னு யாராவது சொன்னீக, இருக்கு உங்களுக்கு!” என்று அதட்டினாள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.